உறவினர் வீட்டுக்கும் போகணும், கடலுக்கும் போகணும்: கோடையில் முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

பாறைக்கு அந்தப் பக்கம் போகும்போது மணல் காய்ந்து கிடந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால் வழியைக் காணோம். அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பாறையைத் தடவித் தடவி நடந்தார். அண்ணன் மகளை நான் தோளில் தூக்கிக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டியில் வீடு திரும்பும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் குடும்பத்தைப் பார்க்க அப்பா அம்மாவோடு நாங்கள் போன முதல் கோடை அது. கடல் மட்டும் படுத்தவில்லை. டிக்கெட்டில் அப்பாவின் பெயர் தப்பு, வண்டி ஓட்ட எனக்கு அனுமதி இல்லை, வாங்கிய காப்பீடு எங்களுக்குத் தேவையான எதையும் தொடவில்லை. டிக்கெட் மலிவாகக் கிடைத்த தேதியில் கிளம்பிவிட்டு மற்றதெல்லாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததுதான் காரணம். அடுத்த முறை தலைகீழாகச் செய்தோம். கடலுக்குப் போகும் நாளை முதலில் குறித்தோம், அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வந்தோம். கீழே இருப்பதும் அந்த வரிசைதான்.

1. தேதியைக் கடலிடம் கேளுங்கள்

எந்த ஊர்க் கோடை என்று முதலில் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தெற்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, கடல் மெதுவாகத்தான் சூடாகும் என்பது. குளிர்நாடுகளில் பகல் மிக நீளமாக இருப்பது கோடையின் தொடக்கத்தில். தண்ணீர் இதமாக இருப்பது கோடை முடியப்போகும்போது. மலை, காடு, நீண்ட நடை என்றால் முன்கோடை. குழந்தைகள் தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும் என்றால் பின்கோடை. நாங்கள் முதல் முறை போன வாரத்தில் வெயில் தோலை எரித்தது, தண்ணீரோ பனிக்கட்டி மாதிரி இருந்தது.

அடுத்தது ஓத அட்டவணை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற நேரப் பட்டியல். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். நாளைக்கு நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்கு வற்றிக் கிடக்கும் கடல் ஒரு வாரம் கழித்து அதே 10 மணிக்கு ஏறியிருக்கும். “போன சனிக்கிழமை இங்கே நடந்து போனோமே” என்பது அதனால் உதவாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் கூடுதல், வற்றுவதும் கூடுதல். பாறைக் குட்டைகளில் நண்டு, நட்சத்திர மீன் பார்க்க அந்த நாட்கள்தான் அருமை. மாட்டிக்கொள்வதற்கும் அதே நாட்கள்தான்.

அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகள் உண்டு. சில அட்டவணைகளில் அந்த ஒரு மணியைச் சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் சேர்த்திருக்க மாட்டார்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், படித்துவிடுங்கள்.

சரி, தங்கும் நாட்களில் கடல் எங்கே வரவேண்டும்? நடுவில். முதல் 3 நாள் தூக்கமே ஒழுங்காக வராது. கடைசி 2 நாள் பெட்டி கட்டுவதில் போய்விடும். வானிலை கெட்டால் தள்ளிவைக்க இன்னொரு நாளும் கையில் இருக்கட்டும்.

2. காகிதங்கள்: 3 மாதம் முன்னால் உட்காருங்கள்

கோடையில் ஊரே பயணம் போகிறது. விசா நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. விசா தேவையில்லாத நாடு என்றாலும் இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

பாஸ்போர்ட் இன்னும் காலாவதியாகவில்லை என்பது போதாது. உள்ளே நுழையும்போது இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு: நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்ல வேண்டும், பாஸ்போர்ட் வாங்கி 10 வருடத்துக்குள் இருக்கவும் வேண்டும். காலிப் பக்கம் இருக்கிறதா பாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பல நாடுகளில் அது 5 வருடத்துக்குத்தான். பெரியவர்களுடையது சரியாக இருக்கிறதென்று குழந்தையுடையதை மறந்துவிடுவோம்.

அழைப்பவர் அனுப்ப வேண்டியவை: அழைப்புக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட் அல்லது வசிப்பு அனுமதியின் நகல், முகவரிச் சான்று. கடிதத்தில் நாலு விஷயம் இருந்தால் போதும். யார் வருகிறார்கள், என்ன உறவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, செலவு யாருடையது. பாசத்தை அதில் கொட்ட வேண்டாம், அதைப் படிக்கப்போவது அதிகாரி. நீங்கள் வைக்க வேண்டியவை: வங்கிக் கணக்கு விவரம், வேலையிடத்து விடுப்புக் கடிதம், திரும்பி வருவீர்கள் என்று காட்டும் ஏதாவது, உறவுக்குச் சான்று. இந்தக் கடைசியில்தான் நாங்கள் தடுமாறினோம். அண்ணனுடைய பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஒரு விதம், என்னுடையதில் வேறு விதம். கூடப்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க ஒரு உறுதிமொழிப் பத்திரம் தேவைப்பட்டது. இந்த மாதிரி எழுத்துப் பிழைகளைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும், ஆகவே முதல் நாளே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி ஒப்பிடுங்கள்.

குழந்தையோடு அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் போகிறார் என்றால், வராதவர் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வாங்கிய சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். தாத்தா பாட்டி பேரனைத் தனியாகக் கூட்டிப்போனால் அப்பா, அம்மா இரண்டு பேருடைய சம்மதமும். எல்லா எல்லையிலும் கேட்பதில்லைதான். கேட்கிற இடத்தில் அது இல்லாமல் நகரவே முடியாது.

விசா கிடைத்ததும் இரண்டு எண்களைத் தனித்தனியாகப் படியுங்கள். எந்தத் தேதிவரை விசா செல்லும் என்பது ஒன்று. எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறொன்று. ஒரு வருட விசாவில் 30 நாள்தான் தங்க விடுவார்கள் என்பதெல்லாம் சாதாரணம். அதிலும் நுழையும் இடத்தில் போடும் முத்திரையில் உள்ள தேதிதான் பல நாடுகளில் கடைசிப் பேச்சு. முத்திரை விழுந்ததும் அங்கேயே நின்று பாருங்கள்.

3. டிக்கெட்டும் காப்பீடும்

விசா வரும்முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். பெரும்பாலும் பயணத் திட்டம், அதாவது முன்பதிவு விவரம், மட்டுமே விண்ணப்பத்துக்குப் போதும். தேதியை மாற்ற விடும் டிக்கெட் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் வயதானவர்கள் வரும் பயணத்துக்கு அதுதான் மலிவு.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களுக்கு முன்பதிவுப் படிவம் குடும்பப் பெயர் கேட்டு நகராமல் நிற்கும். நான் என் இஷ்டத்துக்கு ஒரு எழுத்தைப் போட்டு நிரப்பினேன். அதைத் திருத்தக் கட்டிய பணத்தில் அப்பாவுக்கு நல்ல காலணி வாங்கியிருக்கலாம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் எல்லோரும் தொகையைப் பார்ப்பார்கள். நீங்கள் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். வயது வரம்பு, முன்பே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், படகு, நீர் விளையாட்டு, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றம் ஆகிய எல்லாவற்றையும் தேடிப் படியுங்கள். எங்களுடையதில் கயாக் படகு விலக்கு. போய் இறங்கியபிறகுதான் தெரிந்தது. நோய் இருப்பதை மறைத்து எழுதினால் பிரீமியம் குறையும்; மருத்துவமனைச் செலவு கேட்கும்போது அதைக் காட்டியே கையை விரிப்பார்கள்.

பெட்டி பற்றி நாலு வரி. பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-அவர்தான். முகாம் அடுப்புக்கான கேஸ் குப்பியை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது, போய் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் அவற்றின் சொந்த அட்டையில், மருத்துவர் சீட்டோடு, பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் எழுதி, கைப்பையில்.

4. தங்கப்போகும் வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள்

கூச்சமாக இருக்கும். பேசாமல் விட்டால் வரும் வருத்தம் அதைவிடப் பெரிது. நீங்கள் விடுமுறையில் இருக்கிறீர்கள், அவர்கள் இல்லை. அண்ணி காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்ப, நாங்கள் ஏழு பேர் குளியலறைக்கு வரிசையில் நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

கேட்க வேண்டியவை: அவர்களுக்கு விடுப்பு எந்த நாட்கள், வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம், கடற்கரையில் 2 இரவு தங்கினால் அந்த வாடகை யாருடையது. நாங்கள் இரண்டாம் முறை ஒரு பொதுப் பணம் வைத்தோம். இரண்டு குடும்பமும் முதல் நாளே சம அளவு போட்டோம். எரிபொருள், வண்டி நிறுத்தக் கட்டணம், நுழைவுச் சீட்டு, வெளிச் சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. “நான் கொடுக்கிறேன், இல்லை நான்தான்” என்று கவுன்டரில் நின்று மல்லுக்கட்டுவது நின்றுபோனது. கார்டில் கட்டும்போது உங்கள் ஊர்ப் பணமா, அந்த நாட்டுப் பணமா என்று இயந்திரம் கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

கடற்கரைத் தங்குமிடம் பள்ளி விடுமுறை வாரங்களில் உச்ச விலைக்குப் போகும். பள்ளி திறந்த அடுத்த வாரமே இறங்கும். பள்ளிக் குழந்தைகள் இல்லாத குடும்பம் என்றால் அந்த வாரத்தைப் பிடியுங்கள். தண்ணீரும் அப்போதுதான் சூடாக இருக்கும்.

5. வண்டி ஓட்டப் போகிறீர்களா?

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உங்களுக்கு உரிமம் கொடுத்த நாட்டில்தான் வாங்க வேண்டும். இறங்கியபிறகு வாங்க வழியில்லை. அது தனியாகச் செல்லாது. அசல் உரிமமும் கூடவே வேண்டும். சாலைப் போக்குவரத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தங்கள் இரண்டு உண்டு: 1949 ஒப்பந்தப்படியான அனுமதி ஒரு வருடம், 1968 ஒப்பந்தப்படியானது அதிகபட்சம் 3 வருடம் செல்லும். போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். வாடகை வண்டிக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், முன்பணத்தை அதில் பிடித்து வைப்பார்கள். குழந்தை இருக்கையை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், கோடையில் அது கிடைக்காது. வண்டியை எடுக்கும்போது சுற்றிலும் ஒரு வீடியோ.

நிறுத்திய வண்டிக்குள் யாரையும் “இதோ வந்துவிடுகிறேன்” என்று விட்டுப்போகாதீர்கள். வெயிலில் 10 நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் வராது.

6. கடற்கரை நாள்

பாறையும் குகையும் உள்ள கரை என்றால், கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு 2 மணி முன்னால் போய்ச் சேருங்கள். வற்றி முடியும் நேரம் வந்ததும் திரும்பத் தொடங்குங்கள். நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். வற்றி ஒரு மணி நேரம் கழிந்து உள்ளே போனோம். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்று எங்களுக்குத் தெரியாது. ஆறு மணி நேரத்தில் ஏறுவதை 12 பங்காக வைத்தால், தோராயமாக முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, 3, 2, 1. முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்து “அப்படியொன்றும் ஏறவில்லையே” என்று உட்கார்ந்தால், நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் வந்துவிடும். அப்பாவின் முழங்காலை நனைத்தது அந்தத் தண்ணீர்தான்.

மணல் கரையில் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்துக்கே போங்கள், இன்னும் 2 கிலோமீட்டர் தள்ளி அழகான ஒதுங்கிய கரை இருந்தாலும் சரி. மேலே சிவப்பு, கீழே மஞ்சள் உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவில் குளிக்கலாம். தனிச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைப்பலகைக்காரர்களுக்கான பகுதி. ஊதா நிறம் பறந்தால் சொறிமீன் போன்ற கொட்டும் உயிர்கள். ஆரஞ்சு நிறக் காற்றுக்கூம்பு பறந்தால் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது என்று அர்த்தம். ஊதிய மிதவைகளைக் கட்டிவையுங்கள். அந்த மிதவைகளில் குழந்தைகளை ஏற்றிக் கடலில் விடுவது பற்றி என் கருத்து கடுமையானது: நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு இடம் மட்டும் அமைதியாக, சற்று கறுத்துத் தெரிந்தால், குழந்தையோடு இறங்க வசதியான இடம் என்று தோன்றும். அதுதான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி உள்ளே ஓடும் வாய்க்கால் அது, ரிப் கரண்ட் என்பார்கள். அதில் அகப்பட்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தி மல்லுக்கட்டாதீர்கள். நல்ல நீச்சல்காரரும் களைத்துவிடுவார். மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள்.

குளிர்நாட்டுக் கடலில் வெயில் நாளிலும் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கலாம். திடீரென்று குதித்தால் மூச்சு தானாகவே வாரி இழுக்கும். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் அடங்கும். அதுவரை மல்லாந்து மிதப்பதே வேலை. இதய நோய் உள்ளவர்கள் கால் நனைப்பதோடு நிறுத்தலாம்.

வெயில் விஷயத்தில் எங்களை ஏமாற்றியது மேகம். வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்றால் தோலுக்குப் பாதுகாப்பு வேண்டும், மேகமூட்டமாக இருந்தாலும். மணல் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும், அதனால் குடைக்குக் கீழே இருந்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. வெயில் தடுப்புக் கிரீம் எஸ்பிஎஃப் (பாதுகாப்பு அளவு) 30 அல்லது மேல், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி. பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்கப் பூச 30 மில்லி வரை வேண்டும். ஏழு பேருக்கு ஒரு சின்னக் குழாய் வாங்கிப்போன எங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மாநிறத் தோலுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று அப்பா சொன்னார். மூன்றாம் நாள் அவர் கழுத்தில் தோல் உரிந்தது.

வயதானவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது. கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் தண்ணீரைக் கையில் கொடுங்கள். யாராவது வெயிலில் குழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ அது களைப்பு இல்லை: நிழல், ஈரத் துணி, விசிறி, உடனே அவசர உதவி எண். எண் நினைவில் இல்லை என்றால் கைப்பேசியில் 112 பல நாடுகளில் வேலை செய்யும்.

7. மலைப் பாதையும் காடும்

முதலில் அனுமதிச் சீட்டு. கூட்டம் அதிகமுள்ள பூங்காக்களில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வைத்திருப்பார்கள், கோடை இடங்கள் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். வண்டி நிறுத்தவே சீட்டு வேண்டிய இடங்களும் உண்டு. டிக்கெட் வாங்கிய அன்றே இதையும் பாருங்கள்.

நேரக் கணக்கு: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏறினால் ஒரு மணி நேரம் கூடுதல். இது திடமான ஆட்களுக்கு. குழந்தையும் தாத்தாவும் சேர்ந்தால் இரண்டால் பெருக்குங்கள். அம்மா வழியில் ஒவ்வொரு செடியையும் நின்று பார்ப்பவர். எங்களுக்கு அதுவும் போதவில்லை.

மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடம் அல்லது மூடிய வண்டிக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். கடற்கரைக்கும் இதே விதிதான். புல்வெளியில் நடந்து வந்தால் இரவு குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் வேண்டாம்.

8. திரும்பும் முன்

கடைசி நாளில் கடல் வேண்டாம். துணி காயாது. காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். சில நாடுகளில் சுங்கத்தில் காலணியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். சங்கு, கிளிஞ்சல், கல் எடுப்பதற்குப் பல கடற்கரைகளில் தடை உண்டு. பவளத் துண்டு, கடல் குதிரை போன்றவற்றுக்குப் பன்னாட்டு ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டே தேவைப்படலாம், கடையில் வாங்கியிருந்தாலும்கூட. பெட்டியை மூடும் முன் குழந்தைகளின் கால்சட்டைப் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் மகனுடையதில் ஏழு கிளிஞ்சலும் ஒரு நண்டின் காலும் இருந்தன. அப்பா பையிலும் இரண்டு கல் இருந்ததை ஊர் வந்தபிறகுதான் பார்த்தோம்.